அலிப்பூரில் அதிர்ந்த கைதட்டல்

திருவள்ளுவர் ஆண்டு 2015 (ஆங்கில ஆண்டு 1984), ஆவணி 12. இரவு.

வென்றோம்! குகன் சிறையில் இல்லை; என் வீட்டுக் கூடத்தில் உறங்குகிறான்.

யாழ்ப்பாணத்திலிருந்து தன்னந்தனியே வந்த பதினாறு வயதுப் பிள்ளை. இந்நகரத் துறைமுகப் பகுதியான கார்டன் ரீச்சில் அவன் தேடி வந்த மாமனோ எப்போதோ ஊர் மாறிவிட்டார். கடவுச்சீட்டு இல்லையெனக் காவலர் பிடித்தனர். பொறுப்பேற்க ஆளில்லையேல் சிறை. பிறகு, ஓடிவந்த நாட்டுக்கே திருப்பியனுப்புவர்.

"அண்ணே, இது மீட்டிங் இல்ல, கோர்ட்டு. ரெண்டு வரி போதும்" என்று வழக்குரைஞர் சேகர் காலையிலேயே எச்சரித்தார். ஆயினும், அலிப்பூர் நீதிமன்றத்தில் எழுந்ததும் என் நா அடங்கவில்லை. "தாயைப் பிரிந்த கன்றிடம் கடவுச்சீட்டுக் கேட்பாருண்டோ?" என்று முழங்கிவிட்டேன். பின்னால் நிறைந்திருந்த நம் தமிழ் மன்றத் தோழர்கள், கூட்டத்துப் பழக்கத்தில், கூரை அதிரக் கைதட்டிவிட்டனர். சேகர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

நீதிபதி மேசையைத் தட்டினார். "யார் இவர்கள்?"

"இந்தப் பையனுக்காக வந்தவர்கள், ஐயா" என்றார் சேகர்.

நீதிபதி அவர்களை நெடுநேரம் நோக்கினார். பிறகு காவல் அதிகாரியிடம் திரும்பினார். "இவனுக்கு யாருமில்லை என்றல்லவா சொன்னீர்?"

வழக்கு முடியும்வரை அவனை என் பொறுப்பில் விடுத்தார். முடிந்தபின்? அதை இன்று நினையேன். அவன் தாயைப் பற்றியும் செய்தியில்லை.

உண்டு எழுகையில் குகன் கேட்டான்: "ஐயா, அவையள் எனக்காகவோ கை தட்டினவை?"

"உனக்கேதான்" என்றேன். என் மேடை வாழ்வில் ஒரு கைதட்டலைப் பிறருக்கு விட்டுக்கொடுத்தது இதுவே முதன்முறை.