கீழே போயிரு

திண்டுக்கல்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள பாரூக்குக்கு,

ஜெரோமின் அப்பா சிலுவைமுத்து எழுதுவது. கையில் தீப்புண் ஆறி வருகிறதா? ஆஸ்பத்திரியில் நேரத்துக்குச் சாப்பிடு. போனில் பேசினால் அவன் அம்மா ரோஸ்மேரிக்குத் தெரிந்துவிடும். அதனால்தான் கடிதம்.

ஜெரோமுக்கு முப்பதாம் நாள் பூசை முடிந்தது. சவப்பெட்டியோடு வந்த காகிதத்தில் மூச்சுத் திணறல் என்று போட்டிருந்தது. பிள்ளை மேல் ஒரு தீக்காயம் கிடையாது.

அந்த நாட்டுச் சண்டையில் நீங்கள் இருவரும் தங்கியிருந்த தெருவில் குண்டு விழுந்து சுற்றிலும் பற்றியதும் எனக்குத்தான் போன் போட்டான். ஆற்றுப் பக்கம் ஓடிவிடலாம் என்று நீ அவனைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாய். எனக்குக் கேட்டது. தீயணைப்பு வேலையில் முப்பத்தொரு வருஷம் இருந்தவன் நான். பஞ்சு மில், வைக்கோல்போர் என்று எத்தனை தீ பார்த்திருக்கிறேன்! “ஏலே, புகை மேலதான் போகும். நீ கீழ பேஸ்மென்ட்டுக்குப் போயிரு, கதவச் சாத்திக்க. அவன் பயந்தாங்கொள்ளிப் பய, அவன் பேச்சக் கேக்காத” என்றேன். ஸ்பீக்கரில் நீயும் கேட்டிருப்பாய். ஊரே சேர்ந்து எரிந்தால் அந்தத் தீ கீழே இருக்கிற காற்றையும் இழுத்துக்கொள்ளும் என்று எனக்குத் தெரியாதப்பா. பாவி, எனக்குத் தெரியாது.

ரோஸ்மேரிக்கு இது எதுவும் தெரியாது. நீ அவனை விட்டுவிட்டு ஓடிவிட்டாய் என்று நினைக்கிறாள். அப்படித்தானே என்று கேட்டாள், நான் தலையாட்டினேன்.

போன வாரம் பேகம்பூரிலிருந்து உன் அம்மா துக்கம் கேட்க வந்தார்கள். ரோஸ்மேரி வாசலிலேயே நிறுத்தி, “ஒம் மகனுக்குக் கை வெந்தது பத்தாது, அவனும் கருகிச் சாகணும்” என்று மண்ணை வாரித் தூற்றினாள். “எம்பிள்ள அப்படிச் செய்யமாட்டானே அக்கா” என்று மட்டும் சொல்லி அழுதுகொண்டே போனார்கள். பெற்றவளிடம்கூட நீ சொல்லவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. நான் உள்ளே கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். எழுந்து வரவில்லை.

அடுத்த மாதம் வருகிறாயாமே. கடைசியாக யாரிடம் பேசினான் என்று அவள் கேட்பாள். யாரிடமும் பேசவில்லை என்று சொல்லிவிடு. உனக்கு வயது இருக்கிறது. கல்யாணம், பிள்ளை குட்டி என்று மறந்துவிடுவாய். எனக்கு அவளை விட்டால் யார் இருக்கிறார்கள்? உன்னைத் திட்டித் தீர்த்த அன்றைக்குத்தான் அவளும் ஒரு வாய் சோறு தின்கிறாள்.

அடித்தாலும் வாங்கிக்கொள் தம்பி. நானும் பக்கத்தில்தான் நிற்பேன். என் முகத்தை மட்டும் பார்த்துவிடாதே.

ஆண்டவர் உன்னை நல்லபடி வைத்திருக்கட்டும்.

சிலுவைமுத்து