தனுஷா எடுக்காத ரொட்டி

செப்டெம்பர் 7, ஞாயிறு

காலையில் எழுந்தவுடன் முதலில் இவருடைய வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டேன். உபவாச ஞாயிறு, அடுப்பில் வேலையில்லை. பியர்பொன்ட்ஸில் வெயில் நல்லாக இருந்தது. பக்கத்து வீட்டில் யாரோ புல் வெட்டினார்கள்.

மகள் தனுஷா லொங்குய்யிலிருந்து மெட்ரோவிலும் பஸ்ஸிலுமாக நேரே சபைக்கு வந்து என் பக்கத்தில் இருந்தாள். படிப்புக்காக அங்கே அறை எடுத்ததிலிருந்து அவளை ஞாயிறுகளில்தான் காண்கிறேன். மெலிந்துவிட்டாள்.

திருவிருந்து ரொட்டித் தட்டு வந்தது. வாங்கினாள். எடுக்காமல் என்னிடம் நீட்டினாள். மறந்துபோனாள் என்று நினைத்து நான் தட்டைத் திருப்பி அவள் பக்கம் தள்ளினேன். "எடு பிள்ளை" என்று வேறு சொன்னேன். அவள் வேண்டாமென்று தலையை ஆட்டினாள். நான் இன்னொரு முறை தள்ளினேன்.

பிறகுதான் விளங்கியது.

பதினாறு வயதிலிருந்து மோர்மன் சபையில் இருக்கிறேன். பெரிய பிழை ஒன்றை பிஷப்பிடம் போய்ச் சொன்னவர்கள், அவர் சொல்லும்வரை அந்த ரொட்டியை எடுப்பதில்லை என்று எனக்குத் தெரியாதா? வேறு வீட்டுப் பிள்ளை எடுக்காமல் விட்டால் நான் உடனே பாட்டுப் புத்தகத்தைப் பார்ப்பேன். என் பிள்ளைக்கு மட்டும் திருப்பித் திருப்பி நீட்டியிருக்கிறேன், நாலு பேர் பார்க்க. பின் வரிசை ஹெயிட்டிப் பெண்மணி குனிந்து தன் மகனின் சப்பாத்து நாடாவைக் கட்டத் தொடங்கினாள். அது ஏற்கெனவே கட்டித்தான் இருந்தது.

இவர் மேடையில் இருந்தார். பிஷப்பின் ஆலோசகர் ரதீசன். அங்கேயிருந்து எல்லா வரிசையும் தெரியும்.

செப்டெம்பர் 8, திங்கள்

தொலைபேசியில் அவளே சொன்னாள்.

"ஓம் அம்மா. என்னோட படிக்கிற பிரசாந்தோட. இப்ப ஒண்டுமில்லை, அது முடிஞ்சுது. ஒருத்தரும் கண்டுபிடிக்கேல்லை. நானாத்தான் பிஷப்பிட்டப் போனனான்."

நான் என்ன கேட்டேன்? சாப்பிட்டியா என்று.

"நான் எதைச் சொல்றன், நீங்கள் எதைக் கேக்கிறியள்!"

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடிய அவள் அழுதாள்.

அடுத்த மாதம் பதினெட்டாம் திகதி விதுர்சனின் கலியாணம், லொங்குய்யில் இருக்கிற ஆலயத்தில். அதற்குள் போகப் பிஷப்பின் அனுமதி வேண்டும்; போன வருடம்தான் அவளுக்கு அது கிடைத்தது. இப்போது இல்லை. சொந்த அண்ணனின் கலியாணத்தைப் பார்க்க முடியாது.

"நான் வரேல்லை அம்மா. எல்லாரும் உள்ள போக, நான் மட்டும் வாசல் அறையில இருந்தால் வாற போற ஆக்களுக்கெல்லாம் விளங்கும். சோதினை எண்டு சொல்லிவிடுங்கோ."

மனந்திரும்புகிற பிள்ளை தாய்க்குப் பொய் சொல்லிக் கொடுக்கிறாள்.

செப்டெம்பர் 11

வேலையில் மனம் நிற்கவில்லை. தொண்ணூற்றைந்து மாசி மாதம் ஏனோ நினைவில் வந்துகொண்டே இருந்தது. கோட்-டெ-நேஜில் அந்தச் சின்ன அடுக்குமாடி வீடு. கதவைத் தட்டிய இரண்டு வெள்ளைக்கார மிஷனரிப் பெடியங்களை, அவர்களுடைய காது சிவந்திருந்ததைப் பார்த்துத்தான் அம்மா உள்ளே விட்டா. தேத்தண்ணி கொடுத்தா. தங்கள் மதத்தில் குடிப்பதில்லை என்றார்கள்.

"இந்தக் குளிரில தேத்தண்ணி வேண்டாமெண்டுற ஆக்களும் இருக்கினமோ? பாலெண்டாலும் குடிப்பினமோ எண்டு கேள் பிள்ளை."

நான்தான் மொழிபெயர்ப்பு. பால் குடித்தார்கள். மற்றக் கிழமையும் வந்தார்கள். பிறகு நான் ஞானஸ்நானம் எடுக்கப் போகிறேன் என்றபோது அம்மா மூன்று நாள் கழித்துத்தான் சம்மதித்தா. "தேத்தண்ணியை விட்டிட்டு நீ ரெண்டு நாள் இருக்கமாட்டாய், பாப்பம்" என்றா. முப்பது வருடம் இருந்துவிட்டேன், அம்மா.

எதற்காகச் சேர்ந்தேன்? அப்போது யாருக்கும் சொல்லவில்லை. கலியாணத்துக்கு முன் தொடக்கூடாது என்றால், அங்கே பெட்டைக்கும் பெடியனுக்கும் ஒரே சட்டம். எங்கள் ஆட்களிடம் அது பெட்டைக்கு மட்டும். அது ஒன்று. மற்றது, அங்கே பிழைக்கு ஒரு முடிவு இருந்தது. எங்களிடம் ஒரு பெட்டையின் பேர் கெட்டால், அவள் பேரன் பேத்தி கண்ட பிறகும் "அவள்தானே" என்பார்கள். அந்தக் காது சிவந்த பெடியன் சொன்னான், திருந்தி வந்தவரின் பாவத்தைக் கடவுள் பிறகு நினைப்பதே இல்லையாம். மறந்துவிடுகிற கடவுள்! பதினாறு வயதில் எனக்கு அது போதுமாக இருந்தது.

இப்போதும் போதும்தான். போதுமா?

செப்டெம்பர் 14, ஞாயிறு

இன்றும் எடுக்கவில்லை. நான் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்தேன்.

செப்டெம்பர் 20

இவர் துறைமுகத்தில் வேலை முடிந்து வந்து பேசாமல் சாப்பிட்டார். எனக்குப் பொறுக்கவில்லை.

"அவளோட ஒருக்காக் கதையுங்கோவன்."

"எனக்குக் கோவமில்லை அஜி."

"கோவமில்லாட்டிக் கதைக்கலாம்தானே."

"என்னத்தைக் கதைக்கிறது? சபையில மற்றவையின்ர பிள்ளையளுக்குப் புத்தி சொல்ற மனிசன் நான். கடவுள் மன்னிச்சிடுவார். அது அவற்ற வேலை. என்ர நெஞ்சு அவ்வளவு கெதியா ஓடாது."

எழுந்து கோப்பையைக் கழுவினார். கழுவின கோப்பையையே திரும்பவும் கழுவினார்.

இதே மனிதர்தான். சபையில் திங்கட்கிழமை மாலை குடும்பத்துக்கு என்று ஒதுக்கியது. டிவி இல்லை, விருந்தாளி இல்லை. ஒரு பாட்டு, ஒரு பாடம், ஒரு விளையாட்டு. பாடம் நடத்துவது தனுஷாவின் முறை என்றால் கதிரையில் ஏறி நிற்பாள். அப்போது ஐந்து வயது. நோவாவின் கப்பலுக்கு ஒட்டகம் இல்லை என்று இவரை ஒட்டகமாக்கினாள். வேலை உடுப்போடு கம்பளத்தில் நாலு காலில் போனார். "ஒட்டகம் கதைக்காது அப்பா!" என்று அதட்டினாள். அன்று முழுக்க இவர் கதைக்கவில்லை; தலையால்தான் எல்லாம்.

இப்போதும் கதைக்காமல்தான் இருக்கிறார்.

செப்டெம்பர் 28, ஞாயிறு

கூட்டம் முடிந்து பிஷப்பைக் கண்டேன். கிழமை நாளில் வீடுகளுக்கு மின்வேலை செய்கிற மனிதர்; விரலில் எப்போதும் ஒரு பிளாஸ்டர். கலியாணத்துக்கு மட்டும், அந்த ஒரு நாளுக்கு மட்டும், அவளை உள்ளே விட முடியாதா என்று பிரெஞ்சில் கேட்டேன். என் பிரெஞ்சு பாதியில் உடைந்தது.

"இப்போது அவசரப்பட்டுக் கொடுத்தால் அவளே அதை நம்பமாட்டாள், அஜிதா சகோதரி. அவள் தன் பங்கைச் சரியாகச் செய்கிறாள். அவளைப் பற்றி எனக்குக் கவலையில்லை."

வேறு யாரைப் பற்றிக் கவலை என்று கேட்டேன். கதவைத் திறந்து பிடித்தார்.

ஒக்டோபர் 5, ஞாயிறு

விதுவும் அவன் கட்டப்போகிற எலோடியும் மத்தியானம் வந்தார்கள். எலோடி புட்டைக் கையால் சாப்பிடப் பழகிவிட்டாள். அவள் கை கழுவப் போன நேரத்தில் விதுவிடம் கேட்டேன். முதலில் சபைக் கட்டடத்தில் எல்லாருக்கும் முன்னால் கலியாணம், பிறகு ஆலயம். இப்போது அப்படிச் செய்யலாம்தானே?

"எலோடியின்ர அம்மா பெட்டை பிறந்ததில இருந்து ஆலயக் கலியாணத்தையே நினைச்சுக்கொண்டிருக்கிறா. இப்ப மாத்தச் சொன்னால் ஏன் எண்டு கேப்பா. நான் என்ன சொல்ல? தங்கச்சியை எல்லாருக்கும் முன்னால இழுக்கவோ?"

அவன் சொல்வதும் நியாயம்தான்.

"ஒரு மணித்தியாலம்தானே அம்மா. உங்கட கலியாணத்தில அம்மம்மாவும் வெளியிலதானே இருந்தவா? ஒண்டும் நடக்கேல்லையே."

ஓம், இருந்தவா. அதே ஆலயம், இரண்டாயிரத்தொன்று. சைவக்காரி, உள்ளே போக முடியாது. கூறைக்கு எடுத்த மாதிரி ஒரு சிவப்புப் பட்டு, பெரிய பொட்டு. நாங்கள் வெளியே வந்தபோது கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி நிமிர்ந்து இருந்தா. "முடிஞ்சுதோ?" என்று மட்டும் கேட்டா.

ஒண்டும் நடக்கேல்லையெண்டு ஆர் சொன்னது? அவவிட்ட ஆரும் கேட்டதோ? இனிக் கேக்கவும் ஏலாது. அவ போய் ஆறு வருசம்.

விதுவின் தட்டில் இன்னும் கொஞ்சம் புட்டு வைத்தேன். எலோடி வந்து என் தோளில் சாய்ந்து படம் எடுத்தாள்.

ஒக்டோபர் 13, திங்கள்

விடுமுறை. சாப்பாடு கட்டிக்கொண்டு மெட்ரோவின் மஞ்சள் லைனில் லொங்குய்க்குப் போனேன். கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பு இவர் வைத்தது. காலையில் எழும்பித் தானே வெட்டி, தானே பொரித்தார். "நான் வைச்சதெண்டு சொல்லாதை" என்று மூடியை அழுத்தி மூடித் தந்தார்.

அவள் ஒரு வாய் வைத்தாள்.

"அப்பா வைச்சதோ?"

"ஆர் சொன்னது?"

"உப்புக் கூட. அப்பாதான்."

முழுவதையும் சாப்பிட்டாள். வழித்துச் சாப்பிட்டாள்.

பிறகு நடக்கப் போனோம். மேப்பிள் மரங்கள் பாதி உதிர்ந்துவிட்டன. அந்தத் தெருவில் திரும்பினால் ஆலயம். அவள் பகுதிநேர வேலைக்குப் போவதே அந்த வழியால்தானாம்.

"கஷ்டமா இல்லையோ?"

"முதல் கிழமை மற்றப் பக்கத்தால சுத்திப் போனன். இப்ப இல்லை. எனக்குக் கோவமில்லை அம்மா. நான் திரும்ப உள்ள போவன். ஆனா சனிக்கிழமை... அந்த வாசல் அறைக் கதிரையில தனிய எப்பிடி இருக்கிறது?"

தன் பிழையைத் தானே போய்ச் சொன்ன பிள்ளை. இருபத்தொரு வயதில் எனக்கு அந்தத் துணிவு இருந்திராது. பஸ் தரிப்பில் என் கழுத்துச் சால்வையை இறுக்கிவிட்டாள், நான் குழந்தை மாதிரி.

"வருவியோ?"

"பாப்பம். வந்தாலும் வருவன்."

ஒக்டோபர் 17, வெள்ளி

மத்தியானச் சாப்பாட்டு நேரம், காருக்குள் இருந்து எழுதுகிறேன். வீட்டில் எழுத இடமில்லை. கலியாணத்துக்கு ரொறன்ரோச் சொந்தங்கள் வந்தாயிற்று, கதிரையெல்லாம் பெட்டிகள். காலையில் இவர் எல்லாருக்கும் முன்னால் கேட்டார், "தனு எத்தினை மணிக்கு வாறாளாம்?" ஆறு கிழமைக்குப் பிறகு அவர் வாயால் அவள் பேர். இவ்வளவு தூரம் வந்திருக்கிறார். மிச்சத்துக்குக் கொஞ்சம் காலம் எடுக்கும்.

நாளைக்கு உள்ளே, விதுவும் எலோடியும் முழங்காலிட்டுக் கைகோர்ப்பார்கள். இந்த உலகத்துக்கு மட்டுமல்ல, எப்போதைக்குமாக. எத்தனை கலியாணத்தில் அதைப் பார்த்து அழுதிருக்கிறேன். அவன் பிறந்த நாளிலிருந்து அந்த அறையில் எனக்கு ஓர் இடம் இருக்கிறது என்றுதான் நினைத்திருந்தேன். அவனுக்கும் நான்தான் தாய். அவனுக்கு நோகும். சில காலம் நோகும்.

முன்னரே சொன்னால் இவரும் விதுவும் தனுஷாவும் சேர்ந்து என்னை மாற்றிவிடுவார்கள். தனுஷாதான் முதல் ஆளாகச் சண்டை பிடிப்பாள். ஆகவே வாசலில்தான் சொல்வேன். விதுவைக் கொஞ்சி, சட்டைக் கழுத்தைச் சரிசெய்து, உள்ளே அனுப்புவேன். நான் போகமாட்டேன்.

அவள் வந்திருந்தால் அவளுக்குப் பக்கத்துக் கதிரை. வராவிட்டால், செருப்பை மாற்றிக்கொண்டு அவள் அறைக்கு நடப்பேன்.