ஸ்டிக்கருக்கு அடியில் எரிந்த விளக்கு

என் ஆசை அண்ணா,

ஆசையாகத்தான் கூப்பிடுகிறேன். கோபம் பின்னாலேயே வருகிறது, பொறுத்துக்கொள்.

உன் வேனின் மேலிருந்த தார்ப்பாயை நேற்று விலக்கினேன். மலைக்கு வருகிறவர்கள் தங்கட்டும் என்று பழைய டீசல் வேனில் கட்டிலும் அடுப்பும் ஃபேனும் வைத்து ஒரு வீடே கட்டினாயே, அதில் இப்போது எலி குடியிருக்கிறது.

அன்றைக்குப் பனிமூட்டத்தில், கொண்டை ஊசி வளைவில் விளக்கெல்லாம் அணைந்துபோய், ஓரங்கட்டி இறங்கினாய். மரவள்ளி ஏற்றி வந்த லாரிக்காரருக்கு வேனும் தெரியவில்லை, நீயும் தெரியவில்லை. பழி மட்டும் அண்ணிக்கு வந்தது. கல்யாணமும் வேனும் ஒரே மாதத்தில் வந்தனவாம். கருமாதிப் பந்தலிலேயே பெரியம்மா சொன்னார்: "இவ காலெடுத்து வெச்ச நேரந்தானுங்க, வண்டி வெளக்கே அவிஞ்சு போச்சு."

இப்போது அண்ணியை அவர் அம்மா வீட்டுக்கே அனுப்பிவிடப் பேசுகிறார்கள். அதனால்தான், விளக்கு ஏன் அணைந்தது என்று பார்க்க வேனைத் திறந்தேன்.

சாவியைத் திருப்பி எஞ்சினை ஓடவிட்டதும் டேஷ்போர்டில் நீ ஒட்டிய அம்மன் ஸ்டிக்கரின் ஓரத்தில் சிவப்பு கசிந்தது. பிய்த்துப் பார்த்தேன். பேட்டரி, ஆயில், பிரேக் மூன்று விளக்கும் மங்கலாக மினுக்கின. எத்தனை நாளாக மினுக்கின, அண்ணா? எரிச்சலாக இருக்கிறதென்று அம்மனை ஒட்டி மறைத்தாயா?

மூன்றும் ஒரே நேரத்தில் கெடாது; மூன்றுக்கும் பொதுவான எர்த்தில்தான் கோளாறு இருக்கும். ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீசியன் படித்த எனக்கு அது தெரியும். நீ வயரிங் செய்தபோதே, நான் பார்க்கட்டுமா என்று கேட்டேனே. "வண்டிக் கரண்டு வேற, ஊட்டுக் கரண்டு வேற கண்ணு. நீ போய்ச் சோத்தப் பாரு" என்றாய்.

பேட்டரி மைனஸிலிருந்து தனி வயர் இழுத்து பாடியில் தொட்டேன். மூன்றும் அணைந்தன. ஹெட்லைட் பளிச்சென்று எரிந்தது. அப்புறம் அடியில் படுத்துப் பார்த்தேன். ஆயுத பூசைக்கு வண்டியைப் புதுசாக்குகிறேன் என்று சட்டம் முழுக்கக் கறுப்புப் பெயிண்ட் அடித்தாயே, அந்தப் பெயிண்டின் மேலேயே, கரண்ட் பேட்டரிக்குத் திரும்பும் எர்த் வயரை வைத்து முடுக்கியிருந்தாய். பெயிண்டில் எங்கே கரண்ட் பாயும்? அந்த இடத்தைச் சுரண்டியிருந்தால் நீ இருந்திருப்பாய். வேனுக்கு அடியில் படுத்தபடியே அழுதேன்.

அண்ணியிடம்தான் முதலில் காட்டினேன். "யாருகிட்டயும் சொல்லாத கண்ணு. அவரு பேரு கெட்டுப்போகும்" என்றார். ஊரே ராசியில்லாதவள் என்கிறது, அவருக்கு உன் பேர் கவலை.

நான் சொல்லிவிட்டேன். பெரியம்மாவைக் கூட்டி வந்து வயரைக் காட்டினேன். "செத்தவன் மேலயா கண்ணு பழி போடறே?" என்று கேட்டார். "உசுரோட இருக்கறவ மேல போடலாமுங்களா பெரியம்மா?" என்றேன். சேலையை உதறிக்கொண்டு போனார். நாளைக்கும் அதையேதான் பேசுவார், எனக்குத் தெரியும்.

அம்மனைப் பூசை அலமாரியில் வைத்துவிட்டேன். பெயிண்டைச் சுரண்டி வயரை முடுக்கிவிட்டேன். இனி அண்ணியும் நானும்தான் இந்த வேனை ஓட்டப்போகிறோம். யார் கேட்டாலும், கேட்காவிட்டாலும் சொல்வேன்: பெயிண்டின் மேல் அந்த வயரை முடுக்கியது என் அண்ணன். உன் பேர் கெட்டால் கெடட்டும். நீ செத்துவிட்டாய், தாங்கிக்கொள்வாய். அண்ணி இந்த வீட்டில்தான் இருப்பார்.

நீ தொடவிடாத வண்டியைத் தொட்டுவிட்ட,
உன் தங்கச்சி