ஜெபாவின் கையும் பழைய கார் கேமும்

ஜூன் 12, வியாழன்

மேற்கே இருந்து வரும் கச்சான் காற்று விடவில்லை. ஜன்னல் விளிம்பெல்லாம் மண். துடைத்த பிறகும் கீபோர்டில் நறநற.

ஆபீஸில் பிரின்டர் தகராறு. சரி செய்ததும் மேனேஜர், "உம்ம கை பட்டா போதும்வே" என்றார். நாள் முழுக்க அதே மிதப்பு.

சாயங்காலம் மச்சினன் ஜெபா, மனைவி பியூலாவின் தம்பி, வந்தான். பைக்கில் விழுந்து முறிந்த வலது மணிக்கட்டு கூடிவிட்டது. பயிற்சியெல்லாம் முடிந்து, வேலைக்குப் போகலாம் என்று டாக்டரும் சொல்லியாயிற்று. வரும் திங்கள் துறைமுகத்தில் மறுபடி கிரேன் ஏறுகிறான். "சும்மா இருந்து விரலெல்லாம் மரத்துப்போச்சு அத்தான். அந்தப் பழைய கார் கேமை ஓட்டிப் பாக்கட்டுமா? கிரேன்லயும் ஸ்டிக்குதானே."

கேட்கவா வேண்டும். பழைய கேம்களை இந்த ஊரில் உயிரோடு வைத்திருப்பவன் நான்தான் என்று எனக்கு ஒரு நினைப்பு. கம்ப்யூட்டரைத் தூசி தட்டி எடுத்தேன். நான் கீபோர்டில் ஓட்டுகிறவன். அவனுக்காக, வலது கட்டைவிரலால் ஸ்டிக்கைத் தள்ளி ஓட்டும் புது கேம்பேட். அந்தக் காலத்து கேமுக்கு இதன் நடு எது, ஓரம் எது என்று சொல்லிக் கொடுக்க வேண்டும். ஸ்டிக்கை இந்த மூலைக்குத் தள்ளு, அந்த மூலைக்குத் தள்ளு, நடுவில் விட்டுவிட்டு பட்டனை அமுக்கு என்று கேட்கும். அதுதான் கேலிபரேஷன். செய்தேன். பாதியில் ஆபீஸ் போன் வேறு. நேரமாகிவிட்டது, நாளை ஓட்டலாம் என்று போனான்.

கேஸ் புக் செய்ய மறந்தேன். பியூலா முறைப்பு.

ஜூன் 13, வெள்ளி

ஜெபா ஓட்டினான். கார் இடது பக்கமே போய்ச் சுவரில் இடித்தது. திரும்பத் திரும்ப. பாவம், பல்லைக் கடித்துக்கொண்டு வலது பக்கம் தள்ளுகிறான், விட்டால் மறுபடி சுவர்.

கம்ப்யூட்டரின் சோதனைப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். சிலுவைக் குறி அச்சாக நடுவில். "கேம்பேட்ல ஒரு குறையும் இல்ல ஜெபா. கைதான். உனக்குத் தெரியாமலே இடது பக்கம் இழுக்குது."

"வலியே இல்லையே அத்தான்."

"வலிக்கணும்னு இல்ல. நரம்பா இருக்கும்."

கையை விரித்து விரித்துப் பார்த்துக்கொண்டே போனான். நரம்பு என்றது கொஞ்சம் அதிகமோ. பியூலாவிடம் சொன்னேன். அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

ஜூன் 15, ஞாயிறு

காலை ஆராதனை. வழக்கம் போல பாஸ்டர் ஐயா ஜெப விண்ணப்பங்கள் வாசித்தார். யாருக்கோ விசா, யாருக்கோ பிள்ளை வரம், பிறகு "சகோதரர் ஜெபசிங்கின் வலது கை நரம்புத் தளர்ச்சி நீங்க." பியூலா கொடுத்திருக்கிறாள். நரம்பு என்ற என் வார்த்தை மைக்கில். முன் வரிசையில் தேவராஜ் அண்ணாச்சி திரும்பி ஜெபாவைப் பார்த்தார். கிரேன் கான்ட்ராக்டர், ஜெபாவுக்கு வேலை கொடுப்பவர். ஜெபா குனிந்த தலை நிமிரவில்லை.

மத்தியானம் திரேஸ்புரம் போய் ஊளி மீன் வாங்கி வந்தேன். சாப்பிட்டுவிட்டுச் சும்மா கேமைத் திறந்தேன். கேம்பேட் மேஜையில் கிடக்கிறது. யாரும் தொடவில்லை. திரையில் மெனுக் குறி தானாக இடது பக்கம் நகர்ந்து நகர்ந்து போகிறது.

வியாழக்கிழமை, நடுவில் விட்டு அமுக்கு என்றபோது நான் விடவில்லை. ஒரு தோளில் போனை இடுக்கிக்கொண்டு, கட்டைவிரல் ஸ்டிக்கை வலது பக்கம் சாய்த்தபடியே. அந்தக் கோணல்தான் நடு என்று கேம் தன் ஃபைலில் எழுதி வைத்துக்கொண்டது. கையை விட்டால் அதற்கு அது இடது. கம்ப்யூட்டரின் சோதனைப் பக்கத்துக்கு அந்த ஃபைல் தெரியாது. இதெல்லாம் தெரிந்தவன்தான் நான். தெரிந்தும் ஃபைலைப் பார்க்கவில்லை. அவன் கையைக் குறை சொல்லிவிட்டேன்.

ஃபைலை அழித்தேன். புதிதாகக் கேலிபரேஷன். சத்தம் காட்டாமல், திருடன் மாதிரி.

ஜூன் 16, திங்கள்

ஜெபா கிரேன் ஏற வேண்டிய நாள். காலையில் போனை எடுத்தேன், வைத்தேன். கேன்டீனில் எடுத்தேன், வைத்தேன். என்ன சொல்ல? அவ்வளவு பேர் ஜெபம் பண்ணியது என் கட்டைவிரலுக்கு என்றா?

பியூலா உபவாசம். தம்பிக்காக. எனக்கு மட்டும் தோசை வார்த்துப் போட்டாள். தின்றேன். வெட்கம் கெட்டவன்.

ஜூன் 17, செவ்வாய்

பியூலாவைப் போன் பண்ணச் சொல்லி ஜெபாவை வரவழைத்தேன். "மறுபடி ஓட்டிப் பாரு." கார் நேராகப் போனது. வளைவெல்லாம் வழுக்கிக்கொண்டு வளைத்தான். "அக்கா, இங்கன வா, கை சரியாயிட்டு." பியூலா, "ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்று முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். வாயைத் திறக்க அப்போது நேரம் இருந்தது. நான் ஃபேன் ரெகுலேட்டரைத் திருகிக்கொண்டு நின்றேன்.

அவள் பாஸ்டர் வீட்டுக்கு நன்றி சொல்ல ஓடினாள். நானும் ஜெபாவும் மட்டும். கிரேன் என்னாயிற்று என்றேன்.

"ஏறல அத்தான். அண்ணாச்சி கேக்கதுக்கு முன்னாடி நானே போய் வேண்டாம்னுட்டேன். மேல கன்டெய்னர் தொங்கும்போது கை இழுத்தா கீழ நிக்கவன் செத்துருவாம்லா. இப்போ கீழ நின்னு கொடி காட்டுதேன்."

"அதான் சரியாயிட்டே. நாளைக்கே போய்ச் சொல்லு."

"ஒரே நாள்ல சரியான கை ஒரே நாள்ல கெட்டும் போவும்லா. எப்படி நம்பி ஏற?"

கையை மடியில் வைத்து இடது கையால் பொத்திக்கொண்டிருந்தான். அவனுக்கு இருபத்தெட்டு வயது. அந்தக் கிரேன் கூண்டில் ஏறத்தான் அத்தனை நாள் கீழே கொக்கி மாட்டிக் கிடந்தான். நான் சொல்லாதவரை அவன் ஏறப் போவதில்லை. தெரிந்தும் காபி போடப் போனேன்.

ஜூன் 18, புதன்

சொல்லவில்லை. பதிலாகச் செய்தவை: தண்ணீர்த் தொட்டி கழுவியது. பைக்குக்கு ஆயில். பக்கத்து வீட்டு டீச்சரின் லேப்டாப். "உங்களுக்குத் தெரியாத கோளாறே இல்ல சார்" என்றார். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

ஜூன் 19, வியாழன்

சொல்லிவிட்டேன். ஜெபாவையும் பியூலாவையும் உட்கார வைத்து, வேண்டுமென்றே பழைய கோணல் கேலிபரேஷனைச் செய்து, கேம்பேடை மேஜையில் வைத்து, ஒரு விரலால் ஆக்ஸிலரேட்டர் பட்டனை மட்டும் அமுக்கினேன். ஸ்டிக்கில் யார் கையும் இல்லை. கார் இடது பக்கம் போய் இடித்தது. இடித்துக்கொண்டே இருந்தது.

ஜெபா திரையை விட்டுக் கண் எடுக்காமல், "வலியே இல்லன்னு சொன்னேம்லா அத்தான்." கத்தியிருந்தால் தேவலை. "எனக்கு நல்லாத் தெரியும், கை சரியா இருக்குன்னு. நீங்க சொன்னதாலதான் நம்புனேன்."

நாளையே அண்ணாச்சியைப் பார்க்கிறேன் என்றேன்.

"தனியாப் போய்ச் சொன்னா மச்சினனுக்காகப் பேசுதீயன்னுதான் நினைப்பாரு. கோயில்ல வாசிச்சது. கோயில்லயே சொல்லுங்க." காபி குடிக்காமல் போய்விட்டான்.

பியூலா படுக்கையை அடுத்த அறைக்கு எடுத்துப் போனாள். "அத்தனை பேர் முன்னால என் தம்பிய நோயாளி ஆக்கிட்டீங்களே. நானும் கூட நின்னுட்டேன்."

ஜூன் 22, ஞாயிறு

கருத்த மேகம், மழை இல்லை. சட்டை மாற்றி மாற்றிப் போட்டேன்.

பாஸ்டர் ஐயா நன்றி ஸ்தோத்திரங்கள் வாசித்தார், செவ்வாயன்று பியூலா கொடுத்ததும் அதில். "சகோதரர் ஜெபசிங்கின் கை அற்புத சுகம் பெற்றதற்காக." எல்லோரும் ஆமென். நான் எழுந்தேன். ஐயா மைக்கை நீட்டினார்.

அவன் கைக்கு ஒன்றும் வரவில்லை, நான் ஒரு விளையாட்டுச் சாமானைத் தப்பாக அமைத்துவிட்டு அவன் கையைக் குறை சொன்னேன், நரம்பு என்றது என் வாய்க்கொழுப்பு, என்று சொன்னேன். இதைவிடக் குழறலாக. வாலிபர் பக்கம் முதலில் சிரித்தது, பிறகு பெண்கள் பக்கம். "கார் கேமா?" என்று யாரோ. ஐயாவே உதட்டைக் கடித்துக்கொண்டார். காது மடல் எரிந்தது. உட்கார்ந்தபோது பியூலா கொஞ்சம் தள்ளி இடம் விட்டாள், அவ்வளவுதான்.

ஜெபா சிரிக்கவில்லை. எனக்கு முதுகைக் காட்டி, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான்.

வாசலில் தேவராஜ் அண்ணாச்சி, "என்னவே, கேம் ஆடுற மெஷினை நம்பி ஒருத்தன் பிழைப்பைப் பேசுவீரா?" ஜெபாவிடம் திரும்பி, "ஏலே, நாளைக்கு ஏறு. நான் கீழ நின்னு பாக்கேன்."

ஜூன் 23, திங்கள்

ஆபீஸில் வேலை ஓடவில்லை. துறைமுகப் பக்கம் ஜன்னல். தூரத்தில் கிரேன்கள் அசைகின்றன. எது அவனுடையது என்று தெரியவில்லை.

சாயங்காலம் போன் வந்தது, பியூலாவுக்கு. சமையலறையில் நின்று பேசினாள், சிரித்தாள். வைத்துவிட்டு என்னிடம், "ஏறிட்டானாம். கன்டெய்னரை முதல் தடவையிலயே சரியா எறக்கி வச்சானாம். அண்ணாச்சி ஒரு குறையும் சொல்லாம வீட்டுக்குப் போயிட்டாராம்."

என்னைப் பற்றிக் கேட்டானா என்றேன்.

இல்லை என்றாள்.