ஐந்து நாள் தண்ணீரில் கிடந்தவன்

திருவொற்றியூர் குப்பம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மகன் தீபனுக்கு அம்மா எழுதுவது. எல்லையம்மன் புண்ணியத்தில் நானும் உன் தங்கை மலரும் நன்றாக இருக்கிறோம், மஸ்கட் வெயிலில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும் என்பதுதான் எனக்கு எப்போதும் நினைப்பு. போன் இருக்கும்போது அம்மா எதற்குக் கடிதாசி எழுதுகிறாள் என்று சிரிக்காதே. பாஸ்கர் பேரை எடுத்தாலே நீ போனைக் கட் பண்ணிவிடுகிறாய். காகிதத்தைக் கிழித்துப் போட்டாலும் துண்டுகளைப் பொறுக்கி வைத்துப் படித்துவிடுவாய், உன்னை எனக்குத் தெரியாதா. பக்கத்து வீட்டு ரேகாவின் புருஷன் வியாழக்கிழமை அங்கே திரும்புகிறான், அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன். மலருக்கு மணலி கம்பெனி வேலை நிரந்தரமாகிவிட்டது, ஆனால் அந்தப் புகைக்கு இருமல் மட்டும் விடவில்லை. நான் வழக்கம்போல டோல்கேட்டில் மீன் விற்றுக்கொண்டு இருக்கிறேன், முழங்கால் வலி இருக்கிறது, அது கிடக்கட்டும்.

போன தடவை பேசும்போது, லீவில் வந்ததும் முதல் வேலை பாஸ்கர்தான், ஒரே படகில் போய் அப்பாவைக் கடலில் விட்டுவிட்டு வந்தவனை விடமாட்டேன் என்றாய். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை நைனா. அதனால் இங்கே நடந்ததை ஒன்றும் மறைக்காமல் எழுதுகிறேன், கடைசி வரை படி.

டிவியில் மத்தியானம் இரண்டரை மணிக்கு ஒரு நாடகம் போட்டார்கள். அதில் செங்குட்டுவன் என்று ஒரு பாவி, கதாநாயகியின் அப்பாவை லாரி ஏற்றிக் கொன்றவன். இரண்டு வருஷமாக நம் தெருவே அவனை மண் வாரித் தூற்றிக்கொண்டிருந்தது. மூன்று வாரத்துக்கு முந்தி ஒரு திங்கட்கிழமை அவன் கல்குவாரித் தண்ணீரில் தவறி விழுந்தான். அந்தப் பெண் கரையில் நிற்கிறாள், கை கொடுத்தால் ஏறிவிடுவான், கொடுக்கவில்லை, பார்த்துக்கொண்டே நிற்கிறாள். நாடகக்காரர்கள் இழுக்கிற இழுப்புதான் உனக்குத் தெரியுமே, செவ்வாய்க்கிழமையும் அவன் தண்ணீரில்தான், புதன்கிழமையும் தண்ணீரில்தான். கை கொடும்மா, கை கொடும்மா என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். நம் தெருவில் சில வீட்டில் கேபிள், சில வீட்டில் டிஷ், அதனால் எல்லாம் ஒரே நேரத்தில் வராது. அவன் ஒரு வீட்டில் கூப்பிட்டு முடிப்பதற்குள் அடுத்த வீட்டில் கூப்பிடுவான், பிறகு எதிர் வீட்டில், பிறகு கோடி வீட்டில்.

புதன்கிழமை சாயங்காலம்தான் ஒன்றைக் கவனித்தேன். தெருவில் ஒரு வீட்டுக் கதவும் சாத்தவில்லை. மீன் பொரிக்கிற வாசனையே இல்லை. ரேகா தலை சீவாமல் உட்கார்ந்திருந்தாள். நம் ஆட்களில் ஒருவன் தண்ணீரில் இருக்கிறான் என்றால், அவன் ஆளாகவோ உடம்பாகவோ கரை சேரும் வரை நாம் கதவைச் சாத்துவதில்லை, மீன் சமைப்பதில்லை, தலை வாருவதில்லை இல்லையா. அதை இந்த நாடகக்காரனுக்குச் செய்துகொண்டிருந்தோம். யாரும் யாருக்கும் சொல்லவில்லை, தானாக நடந்தது. நான் ரேகாவிடம் கேட்டதற்கு, அவள் வெடுக்கென்று, பேமானி மூணு நாளா தண்ணியிலயே கீறான், யாருனா தூக்கித் தொலைச்சா இன்னா என்றாள். பிறகுதான் தன் தலையைத் தொட்டுப் பார்த்தாள். என் வீட்டுக் கதவும் திறந்துதான் கிடந்தது.

வியாழக்கிழமை மத்தியானம் அந்தக் கதவில் வந்து நின்றவன் பாஸ்கர். அப்பா போன இந்த ஆறு வருஷத்தில் நம் தெருவில் காலே வைக்காதவன். இப்போது படகு ஓட்டுவதில்லை, கடலோரம் பாறை கொட்டின கல்லுக்கரையில் நண்டு பிடித்து வயிற்றைக் கழுவுகிறான், ஆளே பாதியாகிவிட்டான். அண்ணி, தெரு பூரா கதவு தொறந்து கீது, எவன் தண்ணியில கீறான், சொல்லு, நான் போறேன் என்று மூச்சு வாங்கக் கேட்டான். டிவியில் இருக்கிறவன் என்று எப்படிச் சொல்வது. நான் கையை மட்டும் காட்டினேன். அவன் வாசற்படியில் உட்கார்ந்து அந்த நாடகத்தை முழுக்கப் பார்த்தான். பிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னான். அந்தப் பொண்ணு செய்யறது நாயம்தான் அண்ணி, ஆனா மூஞ்சியப் பாத்துகினே நிக்குது பாரு, அது இனிமே தூங்காது என்றான். அப்புறம், வலை கடலுக்குள்ள கெடந்துச்சு, கயிறை அறுத்து வுட்டாதான் படகைத் திருப்பலாம், அறுக்கலாமா வேணாமான்னு நின்னுகினே இருந்தேன், அண்ணன் கை ரெண்டு வாட்டி மேல தெரிஞ்சுது அண்ணி, நான் பாத்தேன் என்றான். எழுந்து போய்விட்டான்.

அப்பா விழுந்ததையே யாரும் பார்க்கவில்லை என்றுதானே இத்தனை வருஷம் நமக்குச் சொன்னார்கள். அவன் பார்த்திருக்கிறான். இதை உனக்கு எழுதலாமா என்று மூன்று நாள் யோசித்தேன். நான் மறைத்தால் நாளைக்கு வேறு ஒருவன் வாயால் கேட்பாய், அது இன்னும் மோசம். அந்த வியாழக்கிழமை முழுக்க, அவன் நாசமாய்ப் போக வேண்டும் என்று அம்மன் பேரைச் சொல்லியே சபித்தேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை, விடிந்து கொஞ்ச நேரம். மீன் வைக்கிற அன்னக்கூடையைக் கழுவக் கல்லுக்கரைக்குப் போனேன். படகெல்லாம் போய்விட்டது, கரையில் ஒரு ஆள் இல்லை, எண்ணூர்ப் பக்கம் சாம்பல் மூட்டமாக இருந்தது. கை கொடு, கை கொடு என்று சத்தம் கேட்டது. நாடகத்தைக் காலையில் மறுபடி போடுவார்கள், அதுதான் என்று நினைத்தேன். முதல் கூப்பாட்டுக்கு மட்டும்தான் அந்தச் சாக்கு. இரண்டாவது தடவை கேட்டபோது பார்த்துவிட்டேன். கீழே இரண்டு பாறைக்கு நடுவில் பாஸ்கர். கால் கல்லில் மாட்டியிருக்கிறது, அலை வரும்போதெல்லாம் தலை உள்ளே போகிறது. என் பக்கத்திலேயே ஒரு பைபர் படகு, அதில் சுருட்டி வைத்த கயிறு. நான் எடுக்கவில்லை. நின்றேன். பதினைந்து இருபது அலை வந்து போயிருக்கும். எனக்குள் ஒரு சத்தமும் இல்லை, அழுகை வரவில்லை, கோபம்கூட இல்லை, அப்படி ஒரு அமைதி. அந்த அமைதியை நினைத்தால்தான் இப்போது நடுங்குகிறது.

அவன் என்னைப் பார்த்தான், நான் நிற்பதும் அவனுக்குப் புரிந்துவிட்டது. கூப்பிடுவதை நிறுத்தினான். வூட்டுக்குப் போ அண்ணி, நீ பாக்காத, போயிடு என்றான். தன்னைத் தூக்கச் சொல்லவில்லை, என்னைப் போகச் சொன்னான். அப்போதுதான் கயிற்றை வீசினேன். இரக்கப்பட்டு வீசினேன் என்று நினைக்காதே, எனக்கு இரக்கம் வரவில்லை. பயம் வந்தது. நான் கத்தின கத்தலுக்கு ஆட்கள் ஓடிவந்து இழுத்தார்கள். கால் எலும்பு இரண்டாக முறிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். எல்லோரும் என் கையைப் பிடித்துக்கொண்டு அங்கம்மா, நீ தெய்வம் என்கிறார்கள். நான் எவ்வளவு நேரம் நின்றேன் என்பது அவனுக்கும் எனக்கும்தான் தெரியும், இப்போது உனக்கும். அன்று மத்தியானமே நாடகத்தில் செங்குட்டுவன் முழுகிப்போனான். தெருவே கைதட்டியது, கதவைச் சாத்திவிட்டு ஆளாளுக்கு மீன் பொரித்தார்கள்.

செங்குட்டுவனுக்கு அது தகுமா தகாதா என்று ரேகாவும் மலரும் இன்னும் சண்டை போடுகிறார்கள். என்னைக் கேட்டால் தகும் என்றுதான் சொல்வேன். பாஸ்கருக்கும் தகும். ஆனால் அதைச் செய்கிறவன் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும் நைனா, அதை எந்த நாடகமும் காட்டுவதில்லை. உன் அப்பாவுக்காக எடுக்க வேண்டிய பழியை நான் அந்தக் கல்மேல் நின்று எடுத்துவிட்டேன். உனக்கென்று மிச்சம் வைக்கவில்லை, அதனால் நீ வெறுங்கையோடு வா. நாடகம் முடிந்து பதினாறு நாள் ஆகிறது, அந்த நேரத்தில் இப்போது ஏதோ சமையல் போட்டி போடுகிறார்கள். எனக்கு மட்டும் மத்தியானம் இரண்டரை ஆனால் வீட்டுக்கு வீடு அந்தக் கூப்பாடு கேட்கிறது. கயிறு போட்டவளுக்கே இப்படி. போடாதவன் ஆறு வருஷமாக என்ன கேட்டுக்கொண்டிருப்பான் என்று நினைத்துப் பார். உன் காதிலும் அது விழ வேண்டாம், நான் உன்னைப் பெற்றவள், கெஞ்சிக் கேட்கிறேன்.

எல்லையம்மன் உன் கையையும் காலையும் புத்தியையும் காக்கட்டும். நூறு வருஷம் நன்றாக இரு. வெல்டிங் வேலையில் கண்ணாடி போடாமல் நிற்காதே. டிக்கெட் போட்டதும் தேதியைச் சொல், விமான நிலையத்துக்கு நானே வருகிறேன். அங்கிருந்து நீ வேறு எங்கும் போகாமல் என்னோடுதான் வர வேண்டும்.

இப்படிக்கு,
உன்னைத் தவிர வேறு யாரிடமும் இதைச் சொல்லாத அம்மா,
அங்கம்மா.