தங்கமணி உன்னைக் கேட்டாள்

கண்ணு பிரேமா,

நீ உயிரோடு இருந்தவரை உன்னை இப்படி ஒருநாளும் அழைத்ததில்லை. இப்போது அழைத்து என்ன பயன் என்பாய். போனவர்களுக்கு எதுவும் கேட்காது என்பதில் நம் இருவருக்கும் சந்தேகமே இருந்ததில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

விடைத்தாள் திருத்தும் வேலை முடிந்தது. கல்லூரியில் உன் நாற்காலியில் ஒரு புதுப்பெண் உட்காருகிறாள், நல்லவள்தான். உன் மொபெட்டை உன் தம்பி ஓட்டுகிறான். வீட்டில் போன் அடித்துக்கொண்டே இருக்கிறது, எனக்கு ஆறுதல் சொல்ல. தாங்காமல் சனிக்கிழமை மதியம் மேட்டுப்பாளையம் பஸ் ஏறிவிட்டேன். மே மாதம் தவறாமல் நாம் போய் ஓர் இரவு தங்குவோமே, அதே கோத்தகிரி மலைக் கிராமம். அதே தங்கமணியின் டீக்கடை, பின்னால் அதே அறை.

இறங்கியதுமே பிடித்துக்கொண்டாள். "ஏனுங் டீச்சர், ஒண்டியா வந்திருக்கீங்க? சின்ன டீச்சர் எங்கீங்க?"

"அவளுக்கு வேலைங்க" என்றேன். எப்படி வாயில் வந்தது?

"அந்தம்மணிக்கு என்ன வேலை! போன வருசம் அட்டை கடிச்சுதுன்னு என்ற கடை உப்பையெல்லாம் காலுல கொட்டிப்போட்டாங்களே!" விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன்.

அதன்பின் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. உட்கார்ந்தேன், எழுந்தேன், சாலைவரை நடந்து திரும்பினேன். சொல்லிவிட வேண்டும், சொன்னால் அங்கேயும் நீ இல்லாமல் போவாய். குளிர்காற்றுக்காகவா போனேன்? நீ இன்னும் சாகாத ஓர் ஊர் மிச்சம் இருக்கிறது என்றா?

காலையில் பிளம்ஸ் பழங்களைத் துணியில் கட்டி நீட்டினாள். "இது சின்ன டீச்சருக்கு. வழியில நீங்க தின்னுபோடாதீங்க."

கை நீளவில்லை. "பிரேமா செத்துப்போயிட்டா, தங்கமணி. மார்ச்சுல. தூக்கத்துலயே."

அடுப்பருகே அப்படியே உட்கார்ந்தாள். பிறகு கோபம் வந்தது. "நேத்தெல்லாம் என்னையச் சிரிக்க உட்டுப்போட்டீங்களே டீச்சர்! பக்கத்துல யாராச்சும் இருந்தாங்களா?"

"யாரும் இல்லீங்க."

அவள் அழுதாள். இரண்டு மாதமாக எனக்கு வராதது அவளுக்கு ஒரு நொடியில் வந்தது. பிறகு எனக்கும் வந்தது.

பஸ் ஹாரன் கேட்டது. பையை எடுத்து, சொல்லிக்கொள்ளாமலே படியிறங்கினேன். அந்த வீட்டுக்குச் சாவைக் கொண்டுவந்தவளே நான்தானே.

"நில்லுங் டீச்சர்!" பின்னாலேயே வந்து பழ மூட்டையை என் கையில் திணித்தாள். "சாவூட்டுக்கு வந்தவங்களாட்டச் சொல்லாமப் போறீங்க? ஒருத்தங்க சொல்லாமப் போனது போதாதா? வாரேன்னு சொல்லிப்போட்டுப் போங்க."

கண்டக்டர் விசிலை ஊதிவிட்டான். இந்த வழக்கங்களையெல்லாம் வகுப்பில் எத்தனை முறை கேலி செய்திருக்கிறேன்!

"வாரேனுங்க" என்றேன்.

போவேன், பிரேமா. அடுத்த மே மாதமும், ஒண்டியாக. தங்கமணி உன்னைப் பற்றிப் பேசுவாள். அப்போது எழுந்து போகாமல் உட்கார்ந்து கேட்பேன்.

உன்னோடு பிறக்காத அக்கா,
சுலோச்சனா