கூட வரும் லைசென்ஸ்

பிள்ளைப்பாக்கம்
ஞாயிறு மதியம்

அன்புள்ள ஷாலினுக்கு,

கர்த்தர் கிருபையில் நானும் அப்பாவும் சுகம். அப்பாவின் முழங்கால் மட்டும் இன்னும் அந்தக் கிருபைக்கு வெளியே நிற்கிறது, மாடி ஏறாதீர்கள் என்றால் தண்ணீர்த் தொட்டியை யார் பார்ப்பது என்கிறார். நீ அந்தப் போலந்துக் குளிரில் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போன மாதம் போனில் என்னம்மா குரலே சரியில்லை என்று கேட்டாய், வேலை அதிகம் என்று முடித்துக்கொண்டேன். முடிவு தெரியாத விஷயத்தைச் சொல்லி உன்னைக் கலங்கவைப்பது எனக்குப் பிடிக்காது. இப்போது முடிந்துவிட்டது, அதனால் எழுதுகிறேன்.

எங்கள் கம்பெனி பிரேக் பாகங்களை அளந்து சரிபார்த்து ஒரகடத்துப் பெரிய தொழிற்சாலை ஒன்றுக்கு அனுப்புவது உனக்குத் தெரியும். அங்கிருந்து ஒரு கடிதம் வந்தது. விண்டோஸ் 10-க்கு ஆதரவு நின்றுவிட்டது, இனி எல்லாக் கம்ப்யூட்டரிலும் 11 இருக்க வேண்டும், லைசென்ஸ் முறைப்படி இருக்க வேண்டும், ஆடிட்டுக்கு ஆள் வரும், தர ஆவணங்களுக்குப் பொறுப்பானவர் கையெழுத்திட்டு உறுதி தர வேண்டும், இல்லையென்றால் ஆர்டர் நிற்கும். பொறுப்பானவர் நான்தான். ஆர்டர் நின்றால் இரண்டாவது ஷிப்டை எடுத்துவிடுவார்கள், அதில் பதினோரு பேர். பொய்யான தாளில் நான் இதுவரை கையெழுத்துப் போட்டதில்லை. அந்தப் பதினோரு பேர் முகத்தைத் தினமும் பார்த்துக்கொண்டு அதைப் பெருமையாகவும் நினைக்க முடியவில்லை.

முதலாளி ராஜசேகர் இரண்டு புதுக் கம்ப்யூட்டர் வாங்கினார், உள்ளே எதுவும் போடாதவை. சுங்குவார்சத்திரம் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே கடை வைத்திருக்கும் மோகனைக் கூப்பிட்டார். எனக்கு அவர்மேல் நம்பிக்கை இல்லை. அந்த மாதிரிக் கடைகளில் எல்லாம் திருட்டுச் சாவிதான், அதாவது விண்டோஸைத் திறக்கும் லைசென்ஸ் எண்ணைக் காசு கொடுக்காமல்தான் போடுவார்கள் என்பது என் முடிவு, மனதுக்குள் அவரையும் அதில் சேர்த்துவிட்டேன். அவரோ வந்தவுடன் பழைய பில்களைக் கேட்டார். ஆபீஸ் கம்ப்யூட்டரின் விண்டோஸ் தனியாகப் பெட்டியில் வாங்கியது, அதைப் புதியதற்கு மாற்றலாம், 11-க்கு ஏற்றவும் செய்யலாம் என்றார். அளவு அறையில் இருப்பது கம்ப்யூட்டரோடு சேர்ந்து வந்தது, அது அந்தக் கம்ப்யூட்டரோடு சரி, அதற்குப் புதிதாகத்தான் வாங்க வேண்டும் என்றார். இரண்டுக்கும் காசு கொடுத்துத்தானேப்பா வாங்கினோம், ஒண்ணு வரும் ஒண்ணு வராதுன்னா இன்னா நியாயம் என்று ராஜசேகர் எகிறினார். மோகன் அமைதியாக, “சார், கம்பெனி குடுக்கிற ஐடி கார்டு அந்தக் கம்பெனியோட சரி. டிரைவிங் லைசென்ஸ் எங்க வேலைக்குப் போனாலும் கூட வரும். அவ்ளோதான்” என்றார். முதலாளி புதியது என்ன விலை என்று கேட்டார். எனக்கு இத்தனை வருடத்தில் இவ்வளவு சுருக்கமாக யாரும் விளக்கியதில்லை.

அடுத்த சிக்கல் என்னால் வந்தது. அந்த விண்டோஸ் பெட்டியில் இருந்த சாவி அட்டை தொலைந்துவிடக் கூடாது என்று கம்ப்யூட்டரின் பக்கவாட்டில் நானே ஒட்டிவைத்திருந்தேன். கம்பெனியைக் கூட்டிப் பெருக்கும் மாடத்தி ஆறு ஆயுத பூஜைக்கும் சரியாக அந்த வெள்ளை அட்டையில்தான் சந்தனமும் குங்குமமும் வைத்திருக்கிறாள், மறுநாள் ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தும் இருக்கிறாள். இருபத்தைந்து எழுத்தில் பதினாறுதான் மிச்சம். நான் முறைத்தேன். அவள் திருநெல்வேலிக்காரி, அசரவில்லை. “நான் பொட்டு வச்சதாலதாம்மா அது இத்தன வருசம் ஓடிச்சு” என்றாள். மோகன்கூடச் சிரித்துவிட்டார். பிறகு பழைய கம்ப்யூட்டருக்குள்ளேயே பதிந்திருந்த சாவியை எடுத்துத் தாளில் எழுதி, அட்டையில் மிஞ்சிய பதினாறோடு ஒவ்வொன்றாக என்னை வாசிக்கச் சொல்லி ஒத்துப் பார்த்தார். பதினாறும் சரியாக இருந்தன. நான் தணிக்கை செய்தாலும் அதைவிட நன்றாகச் செய்திருக்க மாட்டேன்.

சாவியைப் பழையதிலிருந்து நீக்கிய பிறகுதான் புதியதில் போட வேண்டும் என்றார். பழையதில்தான் ஆறு வருட ரிப்போர்ட்டுகள், நகலெடுக்க நேரம் பிடிக்கும், ஆடிட்டுக்கு ஒரு நாள்தான் பாக்கி. இப்போது சொல்வதை அப்பாவிடம்கூட நான் சொல்லவில்லை. ஆடிட் முடியும்வரை இரண்டிலும் இருக்கட்டுமே, யாருக்குத் தெரியப்போகிறது என்று கேட்டேன். கேட்டது நான். அவர் மவுஸிலிருந்து கையை எடுத்தார். “அப்டி வுட்டா நீங்க கையெழுத்துப் போட மாட்டீங்க மேடம். உங்களத் தெரியும்” என்றார். கடையில் ஆள் காத்திருக்கிறது என்று இரண்டு முறை போன் வந்தும் போகாமல் உட்கார்ந்து ரிப்போர்ட்டுகள் எல்லாவற்றையும் நகலெடுத்தார், பழையதைக் காலி செய்து சாவியை நீக்கினார், புதியதில் போட்டு 11-க்கு ஏற்றினார். இன்னொன்றுக்கு ராஜசேகர் முணுமுணுத்துக்கொண்டே புதிய லைசென்ஸ் வாங்கினார். அன்று சாயங்காலம் டீ வரும் முன்பே நான் கையெழுத்துப் போட்டேன். ஆடிட்டுக்கு வந்த பெண் பழைய கம்ப்யூட்டர் ஏன் காலியாக இருக்கிறது என்று கேட்டாள், சொன்னேன், குறித்துக்கொண்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டாள். ஆர்டர் தொடர்கிறது, இரண்டாவது ஷிப்டும் ஓடுகிறது. மோகனுக்கு நன்றி சொல்லிவிட்டேன். மன்னிப்பு இன்னும் கேட்கவில்லை, எதற்கு என்று அவர் கேட்டால் சொல்ல வேண்டியிருக்குமே.

உன் பழைய லேப்டாப்பில் இருப்பதும் அதனோடு வந்ததுதான், புதியது வாங்கினால் கூட வராது. மலிவாகச் சாவி விற்கிறவர்களிடம் போகாதே. அந்தக் குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. அப்பாவுக்கு ஒரு நாள் தனியாகப் போன் செய், முழங்காலைப் பற்றி நீ கேட்டால்தான் டாக்டரிடம் போவார்.

உன் நினைவாகவே இருக்கும் அம்மா,
கிரேசி செல்வநாதன்